தலைக்குள் ஒரு டிரங்க் கால்

குழாய்க்குள் தலை போனதும் பக்கிரிசாமிக்கு முதலில் தெரிந்தது மூக்கு அரிப்புதான். வெளியே இருந்தவரை அரிக்கவில்லை. “தலையை ஒரு நூல்கூட அசைக்காதீங்கப்பா, அசைச்சா மறுபடி முதல்லேர்ந்து எடுக்கணும்” என்று ஸ்கேன் எடுக்கிற அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனாள் பாருங்கள், அந்த நிமிஷத்தில் ஆரம்பித்தது. பெனிட்டா என்று சட்டையில் பேர் குத்தியிருந்தது. நல்ல பெண்தான், கால் குளிருமே என்று போர்வைகூடப் போர்த்திவிட்டாள், ஆனால் அசையாதே என்று ஒரு மனுஷனிடம் சொன்னால் அவனுக்கு அதுவரை இல்லாத உறுப்பெல்லாம் முளைத்துவிடுகிறது என்பது அவளுக்குத் தெரியவில்லை. முகத்துக்கு மேல் கோழிக்கூடு மாதிரி ஒரு பிளாஸ்டிக் கூண்டு. காதில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் ஹெட்போன். வலது கையில் ஒரு ரப்பர் உருண்டை. பயமாக இருந்தால் அமுக்க வேண்டுமாம். அந்தக் காலத்து ஆட்டோக்களில் வெளியே தொங்கிக்கொண்டிருக்குமே, பாம் பாம் என்று ஒரு ஹாரன், அதன் உருண்டை இப்படித்தான் இருக்கும். அதை வண்டி நிற்கும்போது அமுக்கிவிட்டு ஓடாத பிள்ளை கும்பகோணத்தில் உண்டா. அமுக்கிப் பார்க்கலாமா என்று கை துறுதுறுத்தது. சே, எழுபது வயசில் என்ன ஆசை இது. எதுக்கும் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொன்னாரே, அந்த எதுக்கும் என்ற சொல்தான் பக்கிரிசாமிக்கு மூன்று நாளாகத் தொண்டையில் நிற்கிறது. அன்றைக்குக் காலையில் படுக்கையில் புரண்டார், வீடு ஒரு சுற்றுச் சுற்றியது, மின்விசிறி நின்றுகொண்டிருக்க உத்தரம் சுழன்றது, கட்டிலைப் பிடித்துக்கொண்டு “தையலு” என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் கத்தினார், அவ்வளவுதான் நடந்தது. டாக்டர் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார், விரலைத் தொடச் சொன்னார், கோட்டில் நடக்கச் சொன்னார், எல்லாம் சரியாகத்தான் இருக்கு என்றார். அப்படியே நிறுத்தியிருக்கலாம். “ஆனா வயசாச்சு பாருங்க, எதுக்கும் தஞ்சாவூர் போயி தலையை ஒரு ஸ்கேன் பாத்துடுங்க.” எதுக்கும் என்றால் எதுக்கு? அதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். பெரிய மச்சானுக்கும் இப்படி ஒரு டாக்டர் எதுக்கும் என்றுதான் சொன்னார், அவரை அடுத்த பொங்கலுக்கு... வேண்டாம், அந்தப் பக்கம் போகக் கூடாது. மூக்கு. மூக்கைப் பற்றியே நினைப்போம்.

டொக் என்று ஒரு சத்தம். யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. “ஆரம்பிக்கிறேன்ப்பா” என்று காதுக்குள் பெனிட்டா சொன்னாள், சொல்லி முடிப்பதற்குள் தலைக்குப் பின்னால் ஒரு சனியன் பிடித்துக்கொண்டது. டட்டட் டட்டட் டட்டட். பக்கிரிசாமிக்கு நெஞ்சு ஒரு எகிறு எகிறி அடங்கியது. அடங்கியதும், இது எங்கேயோ கேட்ட சத்தமாயிற்றே என்று காது நிமிர்ந்தது. டட்டட் டட்டட், ஒரு இழுப்பு, மறுபடி டட்டட். அட, இது நம்ம டெலக்ஸ்! ஆபீஸ் மூலையில் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்திருக்கும், பன்றிக்குட்டி சைஸில், யாரும் தொடாமலே தானாக உறுமிக்கொண்டு அடிக்கத் தொடங்கும். பம்பாயில் எவனோ தட்டினால் இங்கே காகிதத்தில் எழுத்து விழும். புதிதாகச் சேர்ந்த நாளில் மேனேஜர் இல்லாத நேரம் அது திடீரென்று கிளம்ப, பேய்தான் என்று பக்கிரிசாமி பியூன் அறைக்கு ஓடியதுண்டு. பிறகு அதுவே அவர் சோறாயிற்று. மஞ்சள் நாடாவில் ஓட்டை ஓட்டையாகக் குத்தி விடுவார், ஓட்டையைப் பார்த்தே எழுத்தைப் படிப்பார். நாடா தரையில் சுருள் சுருளாக விழுந்து கிடக்கும், பொங்கலுக்கு அதை வாங்கிப் போய் வாசலில் தோரணம் கட்டுவார்கள். இப்போது ஊரில் ஒருவனைப் பிடித்து டெலக்ஸ் என்றால் மருந்துக்கடையைக் காட்டுவான். சத்தம் நின்றது. ஒரு பெருமூச்சு விடும் நேரம். பிறகு வேறொன்று, கர்ர்ர்க் கர்ர்ர்க் கர்ர்ர்க், இது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், சந்தேகமே இல்லை, இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட காகிதம், கிழிக்கும்போது ஓரப்பட்டை ஒரே நீளமாக வந்தால் அன்றைக்கு நல்ல நாள். கர்ர்ர்க் முடிந்ததும் கடபுடா கடபுடா, மொண்ணைக் கல் மாட்டிய முதல் கிரைண்டர், தையல்நாயகி அதற்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே தொடர்கதை படிப்பாள், ஒரு தரம் கதை சுவாரசியத்தில் புத்தகத்தின் அட்டையையும் சேர்த்து அரைத்துவிட்டாள். அன்றைய இட்லி இளஞ்சிவப்பு. பக்கிரிசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தலை அசையும். உதட்டைக் கடித்துக்கொண்டார். காசு கொடுத்து, சட்டையைக் கழற்றி, ஒரு பீரங்கிக்குள் படுக்கவைத்து, கடைசியில் இவர்கள் அவருக்குப் பழைய ஆபீஸையும் பழைய அடுப்படியையும் போட்டுக் காட்டுகிறார்களே! மகள் ஹைதராபாத்திலிருந்து வரும்போதெல்லாம், பரணில் கிடக்கும் டேப்ரிக்கார்டரையும் டைப்ரைட்டரையும் தூக்கிப் போடுங்கப்பா என்கிறாள். போட்டுத்தான் பாரேன், எல்லாம் இந்த மெஷினுக்குள் வந்து ஒளிந்துகொண்டிருக்கின்றன.

உள்ளே வரும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தட்டில் வைத்தபோது பெனிட்டா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதுக்கு எங்க சார்ஜ் போடுறதுப்பா?” சாவி கொடுக்கணும்மா என்றார். அவள் பாவம், கதவுச் சாவியை நினைத்துக்கொண்டு தட்டில் துழாவினாள். பிறகு மோதிரம். அது கழலவில்லை, சோப்பு போட்டு இழுத்தார்கள், தையல்நாயகி ஒரு பக்கம், பெனிட்டா ஒரு பக்கம், விரலோடு வந்துவிடுமோ என்று பயமாகிவிட்டது. அரைஞாண் கயிற்றில் வெள்ளித் தாயத்து. அதையும். மூக்குக்கண்ணாடி. பல் செட். ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற, மிச்சமிருப்பது நாம்தானா என்ற சந்தேகம் வந்தது. “மெஷினு பெரிய காந்தம். உடம்புக்குள்ள இரும்பு ஏதாச்சும் இருக்காப்பா? பிளேட்டு, ஸ்குரூ, அந்த மாதிரி?” இல்லம்மா என்று டக்கென்று சொல்லிவிட்டார். டக்கென்று. இப்போது, இங்கே, கடபுடாவுக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவே, அடிவயிற்றிலிருந்து குளிர்ச்சியாக ஒன்று ஏறி வந்தது. காசு. சின்ன வயசில் காசு முழுங்கினாரே! ஓரம் நெளிநெளியாக, வெள்ளையாக, இரண்டு நயா பைசாவோ பத்து நயா பைசாவோ. வாயில் போட்டுச் சப்பிக்கொண்டு சைக்கிள் டயர் ஓட்டினார், டயர் சாக்கடையில் பாய்ந்தது, காசு உள்ளே போய்விட்டது. அம்மா வாழைப்பழமாகக் கொடுத்தாள். வந்துடும் வந்துடும் என்றாள். வந்ததா? வந்ததை யார் பார்த்தார்கள்? அம்மா பார்த்தாளா, அல்லது அழுகையை நிறுத்துவதற்காக வந்துடுச்சுடா என்று சொன்னாளா? அம்மா அப்படிச் சொல்லக்கூடியவள்தான். அலுமினியமாக இருந்தால் காந்தம் இழுக்காது. ஆனால் அலுமினியக் காசு வந்தது பிற்பாடு, தண்ணீரில் மிதக்கவிட்டு விளையாடுவோமே, அது பள்ளிக்கூடம் முடிக்கிற காலம். இது அதற்கு முந்தியது. கனமான காசு. பக்கிரிசாமி தன் வயிற்றுக்குள் காது கொடுத்துக் கேட்டார். ஏதோ ஒன்று நகர்ந்தது. காலையில் சாப்பிட்ட பொங்கலாகவும் இருக்கலாம். இல்லை, நகர்வது தலைப்பக்கமாக நகர்கிறது, காந்தம் தலைக்குப் பின்னாலல்லவா இருக்கிறது, வயிற்றிலிருந்து நெஞ்சு வழியாகத் தொண்டைக்கு, அறுபது வருஷம் ஒளிந்திருந்த காசு இன்றைக்குச் சீறிக்கொண்டு கிளம்பினால், நாளைக்குப் பேப்பரில், முதியவர் வயிற்றில்... பக்கிரிசாமி உருண்டையை அமுக்கினார். ஒரு தரம் அமுக்கினால் போதும், அவர் பாம் பாம் என்று இரண்டு தரம் அமுக்கினார்.

எல்லாம் நின்றது. பலகை வெளியே வழுக்கி வந்தது. பெனிட்டா ஓடி வந்தாள். “என்னப்பா, மூச்சு முட்டுதா?”

“இல்லம்மா. ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். காசு முழுங்கியிருக்கேன்.”

“ஐயோ! எப்போ?”

“அறுவத்தி ரெண்டுல.”

பெனிட்டா மனசு கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. அவளுடைய அம்மாவே பிறக்காத வருஷமாக இருக்கும்.

“அப்பறம் ஏதாவது எக்ஸ்ரே எடுத்திருக்கீங்களாப்பா, நெஞ்சு, வயிறு?”

எடுத்திருந்தார். குடலிறக்கத்துக்கு ஒரு தரம், சளிக்கு ஒரு தரம்.

“அதுல காசு தெரிஞ்சுதா?”

தெரியவில்லை. எந்த டாக்டரும் காசைப் பற்றிப் பேசவில்லை. பக்கிரிசாமிக்கு வெட்கமாகிவிட்டது. “அப்ப வந்துடுச்சும்மா” என்றார், பல் செட் இல்லாத வாயால், அறுபது வருஷம் கழித்து அம்மாவுக்குச் சாட்சி சொல்வதுபோல.

“வந்துடுச்சுப்பா” என்று அந்தப் பெண்ணும் ரொம்பப் பொறுமையாகச் சொன்னாள். “மறுபடி முதல்லேர்ந்து எடுக்கணும். சரியா? வெளியில அம்மா பயந்துடப் போறாங்க, நான் போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்.”

முதலிலிருந்து டெலக்ஸ். தையல்நாயகி. அவளிடம் காசு விஷயத்தைச் சொல்லிவிட்டாளோ இந்தப் பெண்? சொன்னால் போச்சு, மகளுக்குப் போன் போகும், மருமகன் வரை சிரிப்பார்கள். அவள் சிரித்தால்கூடத் தேவலை. காலையில் கவுண்டரில் அவள் முகம் போன போக்குதான் தாங்கவில்லை. கூட வந்தவங்க போன் நம்பர் சொல்லுங்க சார் என்று கேட்டாள் கவுண்டரில் இருந்த பிள்ளை. பக்கிரிசாமி யோசிக்கவே இல்லை, கணீரென்று, “மணல்மேடு நூத்தி இருபத்தேழு” என்றார். அந்தப் பிள்ளை கம்ப்யூட்டரைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. “மணல்மேடெல்லாம் வேணாம் சார், பத்து நம்பர் வேணும்.” பத்து நம்பரா? ஒன்பது என்று ஆரம்பிக்கும், அதற்கு மேல் ஒரு இருட்டு. தையலு என்று எழுதியிருப்பதை அமுக்கினால் அவள் வருகிறாள், அதற்கு மேல் யார் யோசித்தார்கள். திரும்பிப் பார்த்தால் தையல்நாயகி முந்தானையை வாயோடு பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்க்கிறாள். நம்பரை அவளே சொன்னாள், குரல் ஒரு மாதிரி நடுங்கியது. கோபமா? நாற்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்திவிட்டு என் நம்பர் தெரியவில்லையா என்ற கோபமா? இல்லை, மனுஷனுக்கு மூளை கழன்றுவிட்டது, எதுக்கும் என்று டாக்டர் சொன்னது இதுதான் என்ற பயமா? கோபமாக இருக்கட்டும் ஈஸ்வரா, பயமாக இருக்க வேண்டாம். கர்ர்ர்க் கர்ர்ர்க். ஞாபகம் போய்விடவில்லை, அதெல்லாம் இல்லை. சோதித்துப் பார். மேனேஜர் வீடு நாலு சைபர் ரெண்டு. கேஸ் கம்பெனி ரெண்டு மூணு எட்டு ஒண்ணு, எப்போது அடித்தாலும் எங்கேஜ்டு, அதனால் விரலுக்கே பாடம். சுழற்றுகிற போனில் ஒன்பதும் சைபரும் உள்ள நம்பர் என்றால் பாதியில் டயல் திரும்பி வரும் நேரத்துக்குள் என்ன பேச வந்தோம் என்பது மறந்துவிடும். எல்லாம் இருக்கிறது, வரிசையாக, தூசி தட்டிய மாதிரி. இந்த மெஷின் இப்போது படம் எடுக்கிறதே, அதில் நாலு சைபர் ரெண்டு தெரியுமா? தெரிந்தால் நல்லது, பாருங்கள், மூளை நிரம்பி வழிகிறது என்று டாக்டர் சொல்லட்டும். ஆனால் மற்றதும் தெரியுமே! டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பக்கத்து மெஷினில் உட்கார்ந்த விசாலி, ஏ எஸ் டி எஃப், அவள் ரிப்பனில் சிவப்பும் கறுப்பும் மாற்றி மாற்றி... நினைக்காதே. நினைக்காதே என்றதும் விசாலி இரட்டைப் பின்னலோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். பெனிட்டா அந்தப் பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கிரிசாமி அவசர அவசரமாக மணல்மேட்டுக்குப் போனார்.

மணல்மேடு நூத்தி இருபத்தேழு, ரைஸ்மில்காரர் வீடு. கல்யாணமான கையோடு கம்பெனி அவரை மூன்று வருஷத்துக்கு நாக்பூருக்குத் தூக்கி அடித்தது. அங்கே குடும்பம் வைக்க இடமில்லை, தையல்நாயகி பிறந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள். அவள் வீட்டுக்குப் பக்கத்து வீடு மில்லுக்காரர் வீடு, தெருவிலேயே போன் இருந்த ஒரே வீடு. ஞாயிற்றுக்கிழமை பக்கிரிசாமி தந்தியாபீசுக்குப் போய் டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒரு சர்தார்ஜி, ஒரு மலையாளத்து நர்ஸ், ஒரு பட்டாளத்துக்காரன், எல்லோரும் அவரவர் ஊருக்காகக் காத்திருப்பார்கள். மணல்மேடு என்று கூப்பிட்டதும் போன் கூண்டுக்குள் ஓடுவார். கடல் இரைகிற மாதிரி இரைச்சல். அதற்குள் மில்லுக்காரர் பெண்சாதி கோமளவல்லி அக்கா, “இரு தம்பி, கூப்புடுறேன்” என்பார், செருப்புச் சத்தம், கொலுசுச் சத்தம், பிறகு “அலோ.” அந்த அலோவுக்குப் பிறகு மூன்று நிமிஷம் பக்கிரிசாமி வேறு ஆளாகிவிடுவார். நேரில் அவளை நிமிர்ந்து பார்த்து ஒரு வார்த்தை பேசியறியாதவர், அந்தக் கறுப்பு ரிசீவரைப் பிடித்துக்கொண்டு சொன்னதெல்லாம், அம்மாடி, எங்கிருந்துதான் வந்ததோ. கூண்டுக்கு வெளியே இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, அந்தத் தைரியம். எதைச் சொன்னாலும் அவள் சரிங்க என்பாள். சரிங்க, சரிங்க, வச்சுடட்டுங்களா. எவ்வளவு கூச்சம், எவ்வளவு அடக்கம் என்று அவருக்குப் பூரிக்கும். அதற்குப் பிறகு சேர்ந்து வாழ ஆரம்பித்ததும் அதையெல்லாம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு தரம் சொன்னால் போதாதா, அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு சண்டையிலும், எனக்கென்ன தெரியும் நீங்க என்ன நெனக்கிறீங்கன்னு என்று அவள் கத்தும்போது, தெரிந்தே கேட்கிறாள் என்றுதான் பக்கிரிசாமி பேசாமல் இருந்திருக்கிறார்.

“முடிஞ்சுதுப்பா” என்றாள் பெனிட்டா. வெளிச்சம் கண்ணில் குத்தியது. மூக்கைச் சொறிந்துகொண்டார், அந்தச் சுகத்துக்கு ஈடே கிடையாது.

டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு மூளை சுத்தமாக இருக்கிறது என்றார். காதுக்குள் சின்னச் சின்னக் கல் இருக்குமாம், அதில் ஒன்று இடம் மாறிவிட்டதாம், நாலு நாள் பயிற்சி செய்தால் உட்கார்ந்துவிடுமாம். காசு இல்லை, கல். ரிப்போர்ட்டுக்காக வராந்தாவில் உட்கார்ந்தார்கள். தையல்நாயகி பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள், பல், கண்ணாடி, கடிகாரம். மோதிரத்தை மட்டும் அவளே மாட்டிவிட்டாள், சோப்பு எதுவும் இல்லாமலே வழுக்கிக்கொண்டு போனது.

“காலையில நம்பர் தெரியலன்னு கோவமா?” என்று கேட்டுவிட்டார்.

“கோவமா? சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! அந்த நம்பரைக் கேட்டதும் எனக்குக் காதை வலிக்க ஆரம்பிச்சுடுச்சுங்க. என்னா இரைச்சல், என்னா இரைச்சல்!”

“இரைச்சல்தான். ஆனா பேசுறது கேக்குமே.”

“ஒரு எழவும் கேக்காது.”

பக்கிரிசாமி திரும்பிப் பார்த்தார்.

“எங்கியோ கெணத்துக்குள்ளேர்ந்து கத்துறாப்ல இருக்கும். தையலுங்கிறது கேக்கும், அவ்வளவுதான். கேக்கலங்கன்னு சொன்னா நீங்க வெசனப்படுவீங்களேன்னு சரிங்க சரிங்கன்னுட்டு வச்சுடுவேன்.”

“மூணு வருஷமுமா?”

“மூணு வருஷமுந்தான்.”

அவருக்குத் தலை மறுபடி சுற்றும்போலிருந்தது. இது கல் இல்லை. “எடுத்ததும் அந்தக்கா பேசும்போது நல்லாக் கேக்குமே. ஏன், நீ அலோன்னு சொல்றதுகூட நல்லாக் கேக்கும். அதுக்கப்பறந்தான் இரைச்சல் ஜாஸ்தியாவும்.” டெலக்ஸ் ரூமில் வயர்களோடு வாழ்ந்த மூளை மெதுவாக விழித்துக்கொண்டது. “நீ பேசும்போது அந்தக்கா எங்க இருக்கும்?”

“கூடத்துல இருக்காது. நம்ம பேசட்டும்னு நாகரிகமா எழுந்திருச்சு உள்ரூமுக்குப் போயிடும்.”

“உள்ரூம்ல இன்னொரு போன் இருந்துதா?”

தையல்நாயகி யோசித்தாள். “கட்டிலண்ட ஒண்ணு இருக்கும், பச்சைக் கலருல. மில்லுக்காரர் படுத்துக்கிட்டே பேசுறதுக்கு.” சொல்லச் சொல்ல அவள் வாய் மூடாமல் நின்றுவிட்டது.

“ரெண்டு ரிசீவரும் எடுத்துட்டா சத்தம் பாதியாயிடும் தையலு. அந்தம்மா மூணு வருஷமா ஒட்டுக் கேட்டிருக்கு. எல்லாத்தையும் அந்தம்மாகிட்டதான் சொல்லியிருக்கேன்!”

“எல்லாத்தையும்னா? என்னத்தச் சொன்னீங்க?”

பக்கத்து நாற்காலியில் எக்ஸ்ரே கவரோடு இருந்த பெரியவர் காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்த்தார். பக்கிரிசாமி குரலைத் தணித்தார். “நீ ராத்திரியில சாப்பிடாமப் படுத்துடுறேன்னு மாமா சொன்னாரு. சாப்பிட்டுப் படு தையலு, நீ பட்டினி கெடந்தா எனக்கு இங்க சோறு எறங்கலன்னேன்.”

தையல்நாயகி முந்தானையை எடுத்து வாயில் வைத்தாள். சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. “அதானா! பொழுது சாஞ்சா அந்தக்கா ஒரு கிண்ணத்துல குழம்பு எடுத்துட்டு வந்துடுங்க. நான் சாப்புட்டு முடிக்கிற வரைக்கும் எதுத்தாப்ல உக்காந்திருக்கும். சாப்புடுடி, ஒருத்தன் அங்க பட்டினி கெடக்கிறான்னு அதட்டும். யாரச் சொல்லுது, மில்லு ஆளுங்களச் சொல்லுதான்னு நான் முழிப்பேன்.” சிரித்தேவிட்டாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், கவுண்டரில் இருந்த பிள்ளை எட்டிப் பார்த்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வேற?” என்றாள்.

“வேறன்னா?”

“வேற என்ன சொன்னீங்க? அந்தக்கா செத்துப் போயி எத்தனையோ வருஷமாச்சு. அதுகிட்டப் போயி கேக்கவா முடியும்?”

பக்கிரிசாமி இடமும் வலமும் பார்த்தார். ஆள் நடமாட்டம், மருந்து வாசனை, மேலே டி.வி.யில் நகைக்கடை விளம்பரம். இங்கே எல்லோருக்கும் தமிழ் தெரியும். அவர் காதோடு குனிந்தார். “அங்க ஒத்தையா சாதம் வடிச்சுக்கிட்டு நிப்பேன். கஞ்சி ஊத்துறப்ப பின்னாடி நீ வந்து நிக்கிறாப்ல இருக்கும். நீ இல்லன்னு தெரியும். தெரிஞ்சும் திரும்பிப் பாப்பேன். தெனம் பாப்பேன். அதைத்தான் சொன்னேன்.”

எக்ஸ்ரே பெரியவர் காதை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். கவுண்டரிலிருந்து “பக்கிரிசாமி, பக்கிரிசாமி யாருங்க, ரிப்போர்ட்டு” என்று குரல் வந்தது. அவர் எழுந்திருக்கப் பார்த்தார். தையல்நாயகி அவர் சட்டைக் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, கவுண்டர் பக்கம் பார்த்து, “கொஞ்சம் இரும்மா, வராரு” என்றாள்.